முதலில் நாற்காலி, அப்புறம் வண்டி

வண்டி வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் எல்லோரும் ஷோரூமுக்குத்தான் கிளம்புவார்கள். பவர் வீல்சேரில் இருப்பவர், அதிலும் தானே ஓட்டப்போகிறவர், ஷோரூமுக்குப் போக வேண்டியது கடைசியில். முதலில் ஓட்டுநர் மதிப்பீடு, அடுத்து நாற்காலி, அதற்கும் அப்புறம்தான் வேன். அமெரிக்காவில் பெரும் பணம் கொடுத்து வேன் வாங்கிவிட்டு, தலை கதவில் இடிக்கிறது, முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் நுழையவில்லை என்று தவிக்கிறவர்களை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றியவர்களாகத்தான் இருப்பார்கள். நாற்காலியில் குஷனை மாற்றலாம், கால்தட்டை ஏற்றி இறக்கலாம், ஜாய்ஸ்டிக்கை நகர்த்தலாம். வாங்கி முடித்த வேனின் கதவு வாசலை ஒரு அங்குலம்கூட உயர்த்த முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு வேனைப் பத்து வருஷம் வைத்திருப்போம். பவர் வீல்சேரின் ஆயுளை, அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் 5 வருஷமாகத்தான் கணக்கில் கொள்கிறது. ஆக, இன்று வாங்கும் வேன் குறைந்தது இரண்டு நாற்காலிகளைப் பார்க்கும். அடுத்தது இன்றையதைவிட நீளமாகவோ உயரமாகவோ வரலாம். மஸ்குலர் டிஸ்ட்ரபி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) போல வருஷத்துக்கு வருஷம் மாறும் உடல்நிலை என்றால், பின்னால் வென்டிலேட்டர் தட்டு சேரும், பின்சாயும் இருக்கை சேரும். இன்றைய அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற வேன் நாளைக்குப் பொருந்தாத வேன். எல்லா அளவிலும் கொஞ்சம் இடம் மிச்சம் வைத்தே வாங்க வேண்டும்.

மதிப்பீடு

சி.டி.ஆர்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சான்று பெற்ற ஓட்டுநர் மறுவாழ்வு நிபுணரைத் தேடிப் பிடியுங்கள். இவர்களில் பலர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள். சான்று வழங்குவது ஏ.டி.இ.டி. என்ற தொழில்முறை அமைப்பு. அதன் இணையதளத்தில் மாநிலவாரியாகப் பெயர்கள் கிடைக்கும். பெரிய மறுவாழ்வு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். காத்திருப்புப் பட்டியல் நீளம் என்பதால், வேன் யோசனை மனதில் விழுந்த வாரமே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

மதிப்பீட்டின் முதல் பாதி அறைக்குள் நடக்கும். பார்வை, எதிர்வினை வேகம், கை எவ்வளவு தூரம் எட்டுகிறது, எவ்வளவு நேரம் சோராமல் தாங்குகிறது, திருப்பத்தில் உடம்பு சரியாமல் நிற்குமா, தசை இழுப்பு வந்தால் கை எங்கே போகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். இரண்டாம் பாதி சாலையில், அவர்களுடைய வண்டியில், காலுக்குப் பதில் கையால் இயக்கும் பல வகைக் கைக்கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி. முடிவில் உங்களுக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு கிடைக்கும். எந்த வகை வண்டி, எந்த வகை பிரேக்–ஆக்சிலரேட்டர், ஸ்டியரிங்கின் இறுக்கத்தை எந்த அளவுக்குத் தளர்த்த வேண்டும், எத்தனை மணி நேரப் பயிற்சி என்பதெல்லாம் அதில் இருக்கும். டீலரிடம் நீங்கள் கொடுக்க வேண்டியது இந்தச் சீட்டு. டீலரே ஒரு கைக்கருவியைக் காட்டி, இது உங்களுக்குப் போதும் என்று சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நம் வீடுகளில் இந்த மதிப்பீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. "உனக்கு எதுக்குப்பா இந்த ரிஸ்க்? எங்க போகணும்னாலும் நாங்க கூட்டிட்டுப் போறோம்ல?" என்று அம்மாவோ அண்ணனோ சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் வேலைக்குப் போக, லைப்ரரிக்குப் போக, சும்மா ஒரு காபிக்குப் போகக்கூட அடுத்தவர் நேரத்தைப் பார்த்துக் காத்திருப்பது என்னவென்று காத்திருப்பவருக்குத்தான் தெரியும். நீங்கள் ஓட்ட முடியுமா முடியாதா என்பதைச் சாப்பாட்டு மேசையில் தீர்க்க முடியாது. நிபுணரின் எழுத்து தீர்த்து வைக்கும். முடிந்தால் அம்மாவையோ அண்ணனையோ அந்த நாளுக்கு உடன் அழைத்துப் போங்கள். நீங்கள் பிரேக் போட்டு வண்டியை நிறுத்துவதைக் கண்ணால் பார்த்தவர்களின் பேச்சு மாறிவிடும். விபத்துக்கோ நோய்க்கோ முன்பு ஊரில் வருஷக்கணக்காக ஓட்டியவர்களும் பயிற்சி மணிகளைக் குறைத்துக் கேட்க வேண்டாம். வலப்பக்கச் சாலை, ஃப்ரீவே வேகம், கையால் பிரேக் என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் உடம்பு புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

மாறி உட்கார்வதா, நாற்காலியிலேயே ஓட்டுவதா

வண்டித் தேர்வு பிரிவது இந்த இடத்தில்தான். வேனுக்குள் நாற்காலியோடு ஏறி, அங்கே ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்து ஓட்டலாம். அல்லது ஓட்டுநர் இருக்கையையே கழற்றிவிட்டு, நாற்காலியை அங்கே பூட்டி ஓட்டலாம்.

உங்களால் மாற முடியும் என்றால் மாறுங்கள். நான் நாற்காலியிலேயே ஓட்டுகிறவன் என்றாலும் இதை அழுத்தித்தான் சொல்வேன். வண்டியின் இருக்கை, பெல்ட், ஏர்பேக் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வடிவமைத்து மோதல் சோதனை செய்தவை. எவ்வளவு நல்ல நாற்காலியும் அந்த அளவுக்கு ஈடாகாது. மாறுவதற்கு உதவியாக, ஓட்டுநர் இருக்கையின் அடியில் ஒரு மோட்டார் பீடம் வைப்பார்கள். பட்டனைத் தொட்டால் இருக்கை பின்னால் வந்து, உங்கள் பக்கம் திரும்பி, ஏறி இறங்கும். நாற்காலிக்கும் ஏறி இறங்கும் இருக்கை இருந்தால் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து பலகை போட்டு நகரலாம். 2023 மே மாதத்திலிருந்து தகுதியுள்ளவர்களுக்கு மெடிக்கேர் இந்த ஏறி இறங்கும் இருக்கைக்குப் பணம் தருகிறது. புது நாற்காலிக்கு எழுதும்போது இதை மறக்காமல் கேளுங்கள்.

ஆனால் நேர்மையாக யோசியுங்கள். மதிப்பீட்டு நாளன்று காலையில் ஒருமுறை மாறுவது வேறு. ஜனவரி மாத மழையில், அலுவலகம் முடிந்து களைத்த தோளோடு, கடை, வங்கி, பள்ளி, வீடு என்று நான்கு இடங்களில் நிறுத்தி எட்டு முறை மாறுவது வேறு. அந்த எட்டாவது முறையை நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தோள்மூட்டு தேய்ந்தால் ஓட்டுவதும் போகும். முடியாது என்றால் நாற்காலியிலிருந்தே ஓட்டுங்கள். அதற்கு உரிய எல்லாவற்றையும் முழுமையாகச் செய்துகொண்டு ஓட்டுங்கள்.

பூட்டும் இடம்

நாற்காலியிலிருந்தே ஓட்டுவது என்று முடிவானால், நாற்காலியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது டபிள்யூ.சி.19 தரத்தில் சோதிக்கப்பட்டதா என்பது. மணிக்கு 30 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதுவதற்கு ஈடான சோதனை அது. நாற்காலியை வண்டியோடு பிணைக்கும் கருவிகளுக்கு டபிள்யூ.சி.18 என்று தனித் தரம் உண்டு. இப்படிச் சோதித்த மாடலாகவே இருந்தாலும், பின்னால் நீங்கள் சேர்த்த துணைக்கருவிகள் சோதனையில் இருந்தவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாற்காலியைத் தரையோடு கட்டும் நான்கு பட்டைகளை ஓட்டுகிறவர் தானே மாட்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் டாக்கிங். ஈஸி லாக், கியூ'ஸ்ட்ரெய்ன்ட் ஆகியவை இதில் தெரிந்த பெயர்கள். நாற்காலியின் அடிச்சட்டத்தில் ஒரு இரும்புத் தாங்கியும், அதன் நடுவே கீழ்நோக்கி ஒரு தடித்த போல்ட்டும் இருக்கும். வேனின் தரையில் தாழ்ப்பாள் பெட்டி. ஜாய்ஸ்டிக்கை மெல்ல முன்னால் தள்ளி அந்தப் போல்ட்டைப் பெட்டியின் வாய்க்குள் செலுத்த வேண்டும். சரியாக விழுந்தால் டக் என்ற சத்தம், உடம்பு முழுக்க உணரும் ஒரு சின்னக் குலுக்கல், டேஷ்போர்டில் விளக்கின் நிறமாற்றம். பிறகு ஒருமுறை பின்னால் இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்றால் நாற்காலியின் பவரை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால், ஓட்டும்போது முழங்கை ஜாய்ஸ்டிக்கில் பட்டதும் நாற்காலியின் மோட்டார் பூட்டோடு மல்லுக்கட்டும்.

இந்தப் போல்ட்டின் தொல்லைகளை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. தரையிலிருந்து ஓரிரு அங்குல உயரத்தில்தான் தொங்கும். வாசற்படியில் இடிக்கும், ராம்ப் முடிகிற முனையில் தட்டும், புல்தரையில் சிக்கும். ஒவ்வொரு மாடல் நாற்காலிக்கும் தாங்கி வேறு வேறு. நாற்காலியை மாற்றினால் தாங்கியையும் மாற்றி, உயரத்தை மறுபடி சரிசெய்ய வேண்டும். ஆகவே நாற்காலிக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன்பே, அந்த மாடலுக்குத் தாங்கி கிடைக்கிறதா, உங்கள் எடையும் நாற்காலியின் எடையும் சேர்ந்து அதன் வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பவர் வீல்சேர் சாதாரணமாகவே 300 முதல் 450 பவுண்டு இருக்கும்.

சக்கர அமைப்பும் இங்கே பேசும். நடுச்சக்கர இயக்கம் உள்ள நாற்காலி நின்ற இடத்திலேயே திரும்பும். வேனுக்குள் ஏறி உடனே ஸ்டியரிங் பக்கம் திரும்ப அதுவே சுலபம். பின்சக்கர இயக்கத்துக்குத் திரும்ப இடம் அதிகம் வேண்டும். ஆனால் நடுச்சக்கர நாற்காலியின் முன் சிறுசக்கரங்களும் கால்தட்டும் பெடல் பகுதியில் எங்கே போய் முட்டுகின்றன என்று பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

பெல்ட் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். நாற்காலியின் கைப்பிடி பட்டையைத் தூக்கி நிறுத்திவிடும். பட்டை கைப்பிடிக்கு உட்பக்கமாகப் போக வழி செய்ய வேண்டும். நாற்காலியிலேயே இருக்கும் மார்புப் பட்டை உடம்பை நிமிர்த்தி வைப்பதற்கானது, மோதலைத் தாங்குவதற்கானது அல்ல. தலைக்குப் பின்னால் தாங்கி கட்டாயம். மார்பெலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே 10 அங்குலம் இருக்கட்டும். ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை.

அளவெடுத்தல்

அளவெடுக்க ஒரு இஞ்ச் டேப், உதவிக்கு ஒருவர், அரை மணி நேரம் போதும். தினமும் போடும் செருப்பு, தினமும் வைக்கும் குஷன், குளிர்காலக் கோட் எல்லாவற்றோடும் உட்காருங்கள். அளவெடுப்பவர் சொன்னதும் பலரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஓட்டும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படியே இருங்கள்.

தரையிலிருந்து உச்சந்தலை வரை முதல் அளவு. தாழ்தள மினிவேன்களின் பக்கவாட்டுக் கதவு வாசல் ஏறக்குறைய 54 முதல் 57 அங்குலம். ராம்ப்பில் ஏறும்போது நாற்காலி பின்னால் சாய்ந்திருக்கும், தலையும் முன்பின்னாக அசையும். அதனால் உச்சந்தலை அளவுக்கும் வாசலுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது வேண்டும். குனிந்து நுழைந்துகொள்ளலாம் என்று டீலர் சொல்வார். கழுத்தில் கம்பி வைத்தவரால் குனிய முடியாது. முடிகிறவருக்கும் ஒரு நாளைக்குப் பத்து முறை குனிவது நல்லதல்ல.

அடுத்தது தரையிலிருந்து கண் மட்டம். முக்கியமான அளவு இதுதான், மறந்துபோகிற அளவும் இதுதான். நாற்காலியில் இருப்பவரின் கண் சாதாரண ஓட்டுநரின் கண்ணைவிட உயரத்தில் இருக்கும். முன்கண்ணாடியின் மேல் விளிம்பு பார்வையை வெட்டினால் சிக்னல் விளக்கே தெரியாது. இதைத் தீர்க்க ஓட்டுநர் பகுதியின் தரையை இன்னும் தாழ்த்த முடிகிற வேன்களும் உண்டு, முடியாதவையும் உண்டு. ஷோரூமில் பூட்டி உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் சிக்னல் உயரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு முழங்காலின் உயரம், அதாவது தொடையின் மேடான இடம்வரை. ஸ்டியரிங்கின் கீழ் விளிம்புக்கும் தொடைக்கும் இடையே கை நுழைய வேண்டும். கால்தட்டின் நுனியிலிருந்து நாற்காலியின் பின்முனை வரை மொத்த நீளம். ஜாய்ஸ்டிக்கையும் சேர்த்த அகலம். கதவுப் பலகையில் உராய்வது பெரும்பாலும் ஜாய்ஸ்டிக்தான். அதை உள்பக்கமாக மடக்கும் கை கிடைக்கிறது, நாற்காலியோடு சேர்த்தே கேளுங்கள். எல்லா அளவுகளையும் ஒரு காகிதத்தில் எழுதி நாற்காலிப் பையில் வைத்திருங்கள்.

எந்தப் பக்கமாக ஏறுவது

பின்பக்கமாக ஏறும் வேன்கள் விலை குறைவு, எந்த நிறுத்துமிடத்திலும் நிறுத்தலாம். ஆனால் அமெரிக்காவில் விற்கும் பின்வழி மினிவேன்களில் தாழ்த்திய தரை நடுப்பகுதியோடு முடிந்துவிடுவது வழக்கம்; ஓட்டுநர் இடம்வரை நாற்காலி போகாது. அவை பயணியாகப் போகிறவருக்கானவை. தானே ஓட்டுகிறவருக்குப் பக்கவாட்டு வழிதான்.

பக்கவாட்டு ராம்ப்பில் மடிந்து நிற்பது, தரைக்குள் நழுவிப் போவது என இரு வகை. மடிந்து நிற்பது எளிய இயந்திரம், பழுது குறைவு. வாசலை மறைத்து நிற்கும், ஓடும்போது கடகடக்கும். தரைக்குள் போவது வாசலைத் திறந்து விடும், முன்பயணி இறங்க ஏறச் சிரமம் இருக்காது, விபத்தில் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும் இரும்பு இல்லை. ஆனால் மணல், உப்பு, பனிக்கட்டி அந்தத் தடத்துக்குள் போய்ச் சேரும். மிச்சிகன், நியூயார்க் போலக் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் ஊர்க்காரர்களுக்கு மடிப்பு ராம்ப்பையே சொல்வேன். எதுவாக இருந்தாலும், மின்சாரம் போனால் கையால் இறக்குவது எப்படி என்று வாங்குவதற்கு முன்பே செய்துகாட்டச் சொல்லுங்கள். உங்களால் நாற்காலியில் இருந்தபடி அதைச் செய்ய முடியாது என்றால், யாருக்கு போன் செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

கட்டடங்களுக்கு 12 அங்குல நீளத்துக்கு 1 அங்குல ஏற்றம் என்பது விதி. வேன் ராம்ப் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு செங்குத்து. பின்புறத்தைத் தாழ்த்திக் கொடுக்கும் மண்டியிடும் அமைப்பு இருந்தால் கொஞ்சம் குறையும். வீட்டு டிரைவ்வே சாய்வாக இருந்தால் ஏற்றம் இன்னும் கூடும். சமதளமான ஷோரூமில் இது தெரியவே தெரியாது.

நிறுத்துமிடத்தில் வேன்களுக்கென்று ஒதுக்கிய இடம் வேண்டும். ஊனமுற்றோருக்கான ஆறு இடங்களுக்கு ஒன்றாவது வேனுக்கானதாக இருக்க வேண்டும், அங்கே 98 அங்குல உயரம் தடையின்றி இருக்க வேண்டும் என்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (ஏ.டி.ஏ.) தரம் சொல்கிறது. பக்கத்தில் கோடு போட்ட நடைபாதை 8 அடி இருக்கலாம். 5 அடியாகவும் இருக்கலாம், அப்போது நிறுத்தும் இடம் 11 அடி அகலம் இருக்கும். ராம்ப் விரிந்து, அதன் முனையில் நாற்காலி திரும்பவும் இடம் வேண்டும் என்பதை அலுவலக நிறுத்துமிடத்திலும் வீட்டு கராஜிலும் அளந்து பாருங்கள். கராஜுக்குள் ராம்ப் விரியாது என்று வண்டி வந்தபிறகு தெரிந்தால் மழையிலும் வெயிலிலும் வெளியில்தான் ஏறி இறங்க வேண்டும்.

எந்த வண்டி

அமெரிக்காவில் நாற்காலியிலிருந்து ஓட்டுபவர்களின் வண்டி என்றால் பெரும்பாலும் தரையை வெட்டித் தாழ்த்திய மினிவேன்தான். கிரைஸ்லர் பசிஃபிக்கா, டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிசி மூன்றும் தொழிற்சாலையிலிருந்து சாதாரண வண்டியாக வந்து, பிரான்எபிலிட்டி, வி.எம்.ஐ. போன்ற நிறுவனங்களில் மாற்றம் பெறுகின்றன. பிரான்எபிலிட்டியை நிறுவிய ரால்ஃப் பிரான் தானே சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 1960களில் வேலைக்குப் போய்வர வழியில்லாமல், பழைய தபால் ஜீப் ஒன்றில் கைக்கருவியும் தூக்கியும் பொருத்தித் தானே ஓட்டிப்போனார். இந்தத் தொழில் பிறந்ததே ஓட்ட விரும்பிய ஒருவரால்தான்.

பசிஃபிக்காவின் பிளக்-இன் ஹைபிரிட் வகையில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் அதைத் தாழ்த்த முடியாது. பெட்ரோல் வகையைத்தான் மாற்றுகிறார்கள். 2021 மாடலிலிருந்து சியன்னா எல்லாமே ஹைபிரிட், ஆனால் சிறிய பேட்டரி, அதனால் மாற்ற முடிகிறது. முழு மின்வண்டிகளில் தரை முழுக்க பேட்டரி. மின்வண்டி ஆசை உள்ளவர்கள் இன்னும் கொஞ்சகாலம் பொறுக்கத்தான் வேண்டும்.

மினிவேனில் தலை இடிக்கிற உயரமானவர்களுக்கு, ஃபோர்டு டிரான்சிட் போன்ற பெரிய வேனில் மேடைத் தூக்கி. உயரம் கிடைக்கும், கீழ்த்தள பார்க்கிங்கில் நுழைய முடியாது. எஸ்.யு.வி., பிக்கப் டிரக் மாற்றங்களும் உண்டு. விலை அதிகம், உள்ளே திரும்ப இடம் குறைவு. பண்ணை, மண்சாலை என்று வாழ்கிறவருக்கு மட்டும் பொருள் உண்டு.

மாற்றிய மினிவேனின் அடிப்பகுதி தரைக்கு மிக அருகில் இருக்கும், வேகத்தடையில் உரசும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடை லேபிளையும் படியுங்கள். தரை மாற்றமே நல்ல எடை; அதன்மேல் உங்கள் நாற்காலி, நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாரின் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைத் தாண்டக் கூடாது.

வீட்டில் வேறு ஒருவரும் ஓட்டுவார் என்றால், சக்கரம் வைத்த கழற்றக்கூடிய ஓட்டுநர் இருக்கையைக் கேளுங்கள். பெடல்கள் பழையபடி வேலை செய்ய வேண்டும், கைக்கருவி அவர் முழங்காலில் இடிக்கக் கூடாது. அவரையும் ஷோரூமுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். தண்டுவடத்தில் மேல்பகுதி பாதித்தவர்களுக்கு உடம்பு வியர்த்துச் சூட்டைத் தணிக்காது. டெக்சாஸ், அரிசோனா வெயிலில் ரிமோட் ஸ்டார்ட்டும் பின்பக்க ஏ.சி.யும் அவர்களுக்குக் கட்டாயம்.

கைக்கருவிகள்

கைக்கு ஓரளவு பலம் உள்ளவருக்கு இயந்திரக் கைக்கருவி போதும். ஒரு நெம்புகோல், முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினாலோ இழுத்தாலோ ஆக்சிலரேட்டர். இன்னொரு கையில் ஸ்டியரிங் உருளைப் பிடி. விரல் மடங்காதவர்களுக்கு மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும் மூன்று முனைப் பிடி. பலம் குறைவானவர்களுக்கு ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் தளர்த்தித் தருவார்கள். அதற்கும் முடியாதவர்களுக்கு மின்னணு முறை இருக்கிறது. ஒரு சிறு நெம்புகோலால் வேகமும் நிறுத்தமும், ஒரு சிறு சக்கரத்தாலோ ஜாய்ஸ்டிக்காலோ திசையும். லூசியானாவின் இ.எம்.சி. செய்யும் ஏவிட், ஜெர்மனியின் பராவான் செய்யும் ஸ்பேஸ் டிரைவ் ஆகியவை இந்த வகை. இவற்றின் செலவு வேனின் விலைக்கே அருகில் வரலாம். பயிற்சி மணிகளும் கூடும். இவற்றில் மின்சாரம் தடைபட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் மாற்று ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பொருத்துபவர் உங்களுக்குப் புரியும்வரை விளக்க வேண்டும்.

இண்டிகேட்டர், ஹாரன், ஹெட்லைட் மங்கல், வைப்பர் நான்கும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தேவைப்படுகிறவை. பிரேக்கிலிருந்தும் ஸ்டியரிங்கிலிருந்தும் கையை எடுக்காமல் இவற்றை இயக்க முடிய வேண்டும். முழங்கைக்கு ஒரு பட்டன், தலைத்தாங்கியில் ஒரு பட்டன் என்று வைப்பார்கள். கியர், ஏ.சி. போன்றவற்றை நின்ற நிலையில் இயக்கலாம், அவற்றுக்குக் காசு செலவழிப்பதை இரண்டாவதாக வையுங்கள்.

பணம்

புது மினிவேன் மாற்றத்தோடு சேர்த்து 75,000 டாலரிலிருந்து ஒரு லட்சத்தையும் தாண்டலாம், கைக்கருவிகள் தனி. மெடிக்கேர் வேனுக்குப் பணம் தராது. வேலைக்கோ படிப்புக்கோ ஓட்ட வேண்டும் என்றால் மாநிலத்தின் தொழில்சார் மறுவாழ்வுத் துறையை அணுகுங்கள். வண்டிக்கு அல்லாமல் மாற்றங்களுக்குப் பணம் தருவது அவர்களின் பொதுவான வழக்கம். அவர்களின் ஒப்புதல் எழுத்தில் வருவதற்கு முன் எதையும் வாங்கக் கூடாது. வாங்கிவிட்டுக் கேட்டால் கதவு மூடிவிடும். பழைய வண்டியை மாற்றுவதற்கு வயது, மைல் வரம்பும் வைத்திருப்பார்கள். கார் நிறுவனங்கள் மாற்றச் செலவில் ஆயிரம் டாலர் அளவுக்குத் திருப்பித் தரும் திட்டங்களை வைத்திருக்கின்றன, காலக்கெடு உண்டு. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் விற்பனை வரி விலக்கு கிடைக்கும். சாதாரண வண்டிக்கும் இதற்குமான விலை வித்தியாசத்தை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டவும் வழி இருக்கிறது, மொத்த மருத்துவச் செலவு வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டினால்.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. ஆனால் வேறு ஒருவர் உடம்புக்குப் பொருத்திய கைக்கருவிகள் உங்களுக்கு உதவாது. அவற்றுக்கு விலை கொடுக்காதீர்கள். லிஃப்டில் ஏற்றி, வெட்டி ஒட்டிய தரையின் அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்த்து எடுப்பது

வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதிக்கு இதே வகை வேனை வாடகைக்கு எடுங்கள். வாடகை வேனில் பெரும்பாலும் கைக்கருவி இருக்காது, வேறு யாராவது ஓட்ட வேண்டும். பரவாயில்லை. வீடு, அலுவலகம், கோயில், வாரச்சந்தை எல்லா இடத்துக்கும் போய் ராம்ப்பை விரித்துப் பாருங்கள். ஏறி ஓட்டுநர் இடம்வரை திரும்பிப் போய்வாருங்கள், ஒருமுறை அல்ல, களைக்கும்வரை.

மாற்றிப் பொருத்துபவர் என்.எம்.இ.டி.ஏ. அமைப்பின் தரச்சான்று பெற்றவராக இருக்கட்டும். சான்று பெற்றவர்கள் 24 மணி நேர அவசர உதவி வைத்திருக்க வேண்டும். அவரது பட்டறை உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது வண்டியின் நிறத்தைவிட முக்கியம். ராம்ப் பாதியில் நின்றுவிட்ட வெள்ளிக்கிழமை மாலையில் 150 மைல் என்பது பெரிய தூரம்.

பாதுகாப்பு விதிகளில் எதையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது என்று மாற்றியவர் உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும், வண்டியில் லேபிளும் ஒட்ட வேண்டும். அது கூட்டாட்சி விதி. வண்டி தயாரானதும் உங்களை மதிப்பிட்ட நிபுணரை வரவழைத்து, நாற்காலியில் நீங்கள் பூட்டி அமர்ந்த நிலையில் நெம்புகோலின் உயரம், பெல்ட்டின் போக்கு, கண்ணாடிகள் எல்லாவற்றையும் சரிபார்த்து, அவர் சரி என்று சொன்னபிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். பயிற்சி மணிகளில் கடைசிச் சிலவற்றை உங்கள் சொந்த வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு பாலிசியில் தரை மாற்றம், ராம்ப், டாக்கிங், கைக்கருவி ஒவ்வொன்றையும் விலையோடு எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் வண்டி நொறுங்கும் நாளில் சாதாரண மினிவேனின் விலைதான் கைக்கு வரும். உரிமம் வழங்கும் டி.எம்.வி. அலுவலகத்தில், உங்கள் உரிமத்தில் கைக்கருவி நிபந்தனை சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேனின் கதவு, ராம்ப், தாழ்ப்பாள் எல்லாமே வண்டியின் பேட்டரியில் ஓடுபவை. ஒரு வாரம் ஓட்டாமல் நிற்கப்போகிறது என்றால் பேட்டரி பராமரிப்பு சார்ஜர் போடுங்கள். பேட்டரி தீர்ந்தால் கதவே திறக்காது. ராம்ப் தடத்தை அடிக்கடி தூசு நீக்கித் துடைக்கச் சொல்லுங்கள். போன் மடியில் அல்ல, தாங்கியில் இருக்கட்டும். கீழே விழுந்த போனை பூட்டிய நாற்காலியிலிருந்து எடுக்க முடியாது. பெல்ட் அறுக்கும் கத்தி கை எட்டும் இடத்தில், ஓட்டுநர் கதவுப் பக்கமாக இருக்கட்டும்.